நட்சத்திரக் குறியிட்ட பெண்

1

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இரண்டு வேலைகள் ஒன்றாக வந்து சேர்ந்தன. அப்பாவுக்குக் கரும்புக் கொல்லையின் பட்டாவைப் பெயர் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் 'எங்கள் குடும்ப மரம்' என்று ஒரு சார்ட் செய்துவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டுக்கும் தேவைப்பட்டது ஒரே பொருள்தான்: ஆயாவின் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் டிரங்குப் பெட்டி.

எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில், வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. அணைக்கட்டும் சர்க்கரை ஆலையும்தான் அடையாளம். தை மாதத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசையில் நிற்க, ஊரே கொஞ்சம் தித்திப்பாக நாறும். திண்ணையில் உட்கார்ந்து அப்பாவும் நானும் பெட்டியைத் திறந்தோம். பத்திரங்கள் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் 'இன்னார் குமாரர் இன்னார்' என்று ஒரு சங்கிலி. அதைப் பிடித்துக்கொண்டே போனால் என் தாத்தா, அவர் அப்பா, அவர் தாத்தா, அதற்கும் மேலே ஒருவர். மகளின் சார்ட்டில் ஆண்கள் பக்கம் மளமளவென்று ஏறிவிட்டது.

பெண்கள் பக்கம் ஆயாவோடு நின்றுவிட்டது. ஆயாவின் மாமியார், அதாவது என் தாத்தாவின் அம்மா, எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆயாவைக் கேட்டேன்.

"ஆயா, உன் மாமியார் பேரு என்ன?"

"அத்த."

"அது நீ கூப்புடறது. பேரு?"

"மாமியார் பேர யாருடா சொல்லுவா? ஊர்ல புவனகிரிக்காரின்னுவாங்க. பொறந்த ஊரு அது."

"பேரு தெரியாதா, இல்ல சொல்ல மாட்டியா?"

ஆயா சிரித்தாள். எண்பது வயது தாண்டியவர்கள் ஒரு கேள்வியை முடித்துவைக்கச் சிரிக்கும் சிரிப்பு. அதற்கு மேல் நகரவில்லை.

பெட்டியில் ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாக எழுத்தில் வருவது தொண்ணூறுகளில். 1989இல் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்பிலேயே பங்கு என்று ஆன பிறகு, அத்தைகளின் கையெழுத்து இல்லாமல் சொத்தைப் பிரிக்க முடியவில்லை. அதனால் அவர்கள் பெயர் வருகிறது. எதில் என்றால், தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய பத்திரத்தில். அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் எழுத்துக்குள் வந்த முதல் நாளே, உனக்கு இதில் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்ட நாளாகவும் இருக்கிறது.

மகள் சார்ட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. என் தொழிலில் இதை நல் என்போம். நல் என்பது பூஜ்யம் அல்ல, வெற்றுச் சொல்லும் அல்ல. 'இங்கே ஒன்று இருக்க வேண்டும், நம்மிடம் இல்லை' என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்குப் போகும் வழி ஒரு சொல்லின் வழியாக.

2

சில வருடங்களாக இரவு வேளைகளில் மொழி வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். பொறியியல் படித்தவனுக்கு அந்தத் துறையில் முதலில் பிடித்துப்போவது ஒரு சின்னக் குறி: *. மொழியியலில் ஒரு சொல்லுக்கு முன்னால் இந்த நட்சத்திரம் இருந்தால், 'இந்தச் சொல்லை யாரும் எழுதிப் பார்த்ததில்லை, யாரும் பேசிக் கேட்டதில்லை, ஆனால் இது இருந்திருக்க வேண்டும்' என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆகஸ்ட் ஷ்லைகர் என்ற ஜெர்மானியர் பரவலாக்கிய வழக்கம் இது. எங்கள் உலகத்தில் இதே குறிக்கு நேர்மாறான வேலை. டெர்மினலில் நட்சத்திரம் போட்டால் 'எதுவாக இருந்தாலும் சரி'. அங்கேயோ, 'குறிப்பாக இதுதான், ஆனால் சாட்சி இல்லை'.

சாட்சி இல்லாத சொல்லை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கிட் பயன்படுத்துகிறவர்களுக்குச் சட்டென்று புரியும். இரண்டு கிளைகள் எந்த இடத்தில் பிரிந்தன என்று தேடுவோமே, அதுதான். ஒரு வித்தியாசம், இங்கே பழைய கமிட் எல்லாம் அழிந்துவிட்டது. கிளைகளின் இன்றைய நிலையை வைத்துக்கொண்டு மூலத்தை ஊகிக்க வேண்டும்.

'பெண்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் பெண். மலையாளத்தில் பெண்ணு. கன்னடத்தில் பழைய வடிவம் பெண், இன்றைக்கு ஹெண்ணு. குடகிலும் துளுவிலும் பொண்ணு. தெலுங்கில் திருமணத்துக்குப் பெண்ட்லி, அது தேய்ந்து பெள்ளி. மனைவி பெண்ட்லாமு, பெள்ளாம். விலங்கில் பெண் இனம் பெண்டி. ஒலிகள் ஒத்துப்போவது மட்டும் போதாது, வேறுபடும் இடத்திலும் ஓர் ஒழுங்கு வேண்டும். கன்னடத்தில் சொல்லின் தொடக்கத்திலிருந்த 'ப' இடைக்காலத்தில் 'ஹ' ஆனது. பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி. ஆகவே பெண் ஹெண்ணு ஆனது தற்செயல் அல்ல, விதி. நாம் பேசும்போது பெண் பொண்ணு ஆவதும் அப்படித்தான். முன்னால் உதட்டொலி, பின்னால் நாக்கை மடக்கும் ஒலி, நடுவில் மாட்டிய 'எ' உதட்டைக் குவித்து 'ஒ' ஆகிறது. பெட்டி பொட்டி, பெட்டை பொட்ட. சேத்தியாத்தோப்புச் சந்தையில் 'பொட்டி' என்று சொல்கிறவர் தமிழைக் கெடுக்கவில்லை, ஓர் ஒலிவிதியைப் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்.

இந்த ஒழுங்குகளைப் பின்னோக்கி ஓட்டினால் *பெண் என்ற மூலத்துக்கு வந்து சேர்கிறோம். அதன் பின்னால் 'ட்' என்ற ஒட்டு ஏறிய வடிவமும் ஒன்று இருந்திருக்கிறது. நம் பெண்டு, பெண்டிர், தெலுங்கின் பெண்டி எல்லாம் அந்த வழியில் வந்தவை. பெயர்ச்சொல்லோடு இலக்கணமும் சேர்ந்தே மீள்கிறது. 'பெண்ணுக்கு' என்கிறோமே, அந்தக் 'கு' திராவிட மொழிகளில் பரவலாக நிற்கும் வேற்றுமை உருபுகளில் ஒன்று. தெலுங்கில் கு, கி என்றும் கன்னடத்தில் கெ, கே என்றும் அது இருக்கிறது. கொடுப்பதற்கான உருபு நீண்ட காலம் உயிரோடு இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

நட்சத்திரம் வெறும் யூகம் இல்லையா என்று கேட்கலாம். இல்லை என்பதற்கு இரண்டு உதாரணங்கள். பலுசிஸ்தானில் பேசப்படும் பிராகூயி மொழியில் தண்ணீருக்கு 'தீர்' (முதல் ஒலி 'ட'வுக்கும் 'த'வுக்கும் நடுவே மென்மையாக). நம் நீர்தான் அது. இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் நகரம் அங்கே அப்படி மாறும். அதே விதியில் அங்கே ரத்தத்துக்கு 'தித்தர்'. கன்னடத்தில் நெத்தரு, தெலுங்கில் நெத்துரு, சங்கத் தமிழில் நெய்த்தோர். நாம் மறந்துபோன நெய்த்தோரை, பாலைநில மலைகளில் வாழும் மக்கள் இன்றும் காயம்பட்டால் சொல்கிறார்கள். இன்னொன்று ஐரோப்பாவில். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் பிற்காலத்தில் மறைந்துபோன சில ஒலிகள் இருந்தாக வேண்டும் என்று, கணக்குப் போடுவதுபோல, ஃபெர்டினான்ட் டி சசூர் தன் இளமையில் எழுதினார். 1879 என்று தேதியிட்ட புத்தகம். அந்த ஒலிகள் எந்த மொழியிலும் நேரடியாகக் கிடைக்கவில்லை. பிறகு துருக்கியில் ஹிட்டைட் களிமண் பலகைகள் தோண்டி எடுக்கப்பட்டு, படிக்கப்பட்டன. 1927இல் குரிலோவிச் என்ற போலந்துக்காரர் காட்டினார்: சசூர் சொன்ன இடத்திலேயே ஒரு ஒலி அந்தப் பலகைகளில் உட்கார்ந்திருக்கிறது. சசூர் இறந்து பதினான்கு வருடங்கள் ஆகியிருந்தன.

ஆனால் ஒழுங்கான நட்சத்திரம் தன் எல்லையையும் சொல்லும். *பெண் என்பதற்கு உறுதியான சாட்சிகள் தெற்குக் கிளையிலும் தெலுங்கிலும் இருக்கின்றன, பிராகூயியில் இல்லை. நீரும் நெய்த்தோரும் போகும் தூரம்வரை பெண்ணை அதே துணிச்சலோடு கூட்டிப்போக முடியாது. சாட்சி எவ்வளவு ஆழமோ அவ்வளவுதான் கூற்றும்.

3

மூலம் கிடைத்ததும் நமக்கு ஒரு சபலம் வரும். வேர்ச்சொல்லைப் பிடித்து, 'பாருங்கள், ஆதியில் இதற்கு இதுதான் அர்த்தம், ஆகவே நம் முன்னோர் இப்படி நினைத்தார்கள்' என்று சொல்லிவிடும் சபலம். யூடியூப்பில் இதற்கென்றே தனித் தொழில் நடக்கிறது.

இந்தச் சபலத்துக்கு நல்ல மருந்து தூரத்திலிருக்கும் ஒரு சொல். ரஷ்ய மொழியும் போலிஷும் செக்கும் பிறந்த ஸ்லாவிய மூலமொழியில் பெண்ணுக்கு *ஜெனா என்று மீட்டிருக்கிறார்கள். ரஷ்ய ஜெனாவும் போலிஷ் ஜோனாவும் இன்று மனைவியை மட்டும் குறிக்கின்றன. செக் மொழியில் பெண், மனைவி இரண்டும். அதன் முதல் ஒலி முன்பு 'க' இனத்தைச் சேர்ந்தது. 'எ' முன்னால் வந்ததால் நாக்கு முன்நகர்ந்து 'ஜ' மாதிரி ஆகிவிட்டது. நமக்கும் இது நடந்திருக்கிறது. கன்னடத்தில் காது கிவி, நமக்குச் செவி. பழங்கன்னடத்தில் கெய், நமக்குச் செய். ஸ்லாவியருக்கும் தமிழருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது, ஆனால் நாக்கும் அண்ணமும் ஒன்றுதான்.

*ஜெனாவுக்கும் பின்னால் போனால் இந்தோ-ஐரோப்பிய வேர். அதே வேரின் இன்னொரு பிள்ளை ஆங்கிலத்தின் 'குவீன்', அரசி. அதே உச்சரிப்பில், எழுத்து மட்டும் கொஞ்சம் மாறி, இன்னொரு பழைய ஆங்கிலச் சொல்லும் உண்டு. அது பெண்ணை இழிவாகச் சொல்லும் வசை. ஒரே வேர்தான் ஒருத்தியைச் சிம்மாசனத்தில் ஏற்றியது, ஒருத்தியைத் தெருவில் நிறுத்தித் திட்டியது. நம் வீட்டிலும் கதை வேறில்லை. பெண்மை என்று கவிதை எழுதுவோம். 'பொட்டச்சி' என்று கைநீட்டித் திட்டுவோம். பெட்டை என்ற சொல்லும் பெண்ணுக்கு உறவுதான் என்று கருதுகிறார்கள்.

ஆகவே வேரில் அறம் இல்லை. வேரிலிருந்து வந்த சொல்லை ஒவ்வொரு நாளும் யார் யாரைப் பார்த்து எப்படிச் சொல்கிறார்கள் என்பதில்தான் அது இருக்கிறது. இதுவரை எளிது. அடுத்தது அவ்வளவு எளிதல்ல.

4

திராவிட மூலமொழியின் பெயர்ச்சொற்கள் எப்படிப் பால் பிரிந்திருந்தன? பன்மையில் எப்படி இருந்தது என்பதில் அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஒருமையில் பரவலாக ஏற்கப்படும் படம் இது: ஒரு பக்கம் ஆண். மறுபக்கம் மற்றதெல்லாம், அதாவது பெண், மாடு, மரம், மண்வெட்டி. ஆணுக்கு 'அவன்' போன்ற ஒரு சுட்டு, மிச்சமெல்லாம் 'அது'. தெலுங்கில் இன்றும் இப்படித்தான். 'வாடு' என்றால் அவன். 'அதி' என்றால் அவளும் அதுவும். கோண்டி, கோலாமி போன்ற மொழிகளிலும் பெண்ணுக்கென்று தனி இடம் இல்லை. 'அவள்' என்பது தமிழும் மலையாளமும் கன்னடமும் அடங்கிய கிளை பின்னால் உருவாக்கிக்கொண்ட புதிய வடிவம்.

முதலில் இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. *பெண் என்ற சொல்லை எழுப்பி உட்காரவைத்தால், அவளுக்கு உரிய வினை முற்று 'வந்தது'. மண்வெட்டியோடு.

இங்கே இரண்டு அவசரங்கள் சாத்தியம். ஒன்று, வெட்கப்படுவது: 'நம் மூதாதைகள் பெண்ணை ஜடமாகப் பார்த்தார்கள்'. மற்றது, சப்பைக்கட்டு: 'இலக்கணம் வேறு, மரியாதை வேறு'. முதலாவது தப்பு என்று காட்டுவது எளிது. ஜெர்மன் மொழியில் சிறுமியைக் குறிக்கும் சொல் அஃறிணைப் பால். அதனால் அங்கே சிறுமிகளை மேசை என்று நினைப்பதில்லை. ஹிட்டைட்டில் பெண்பால் என்ற பகுப்பே இல்லை. அதனாலேயே இந்தோ-ஐரோப்பியத்திலும் பெண்பால் பின்னால் முளைத்ததோ என்று கேட்கிறார்கள். நீலகிரியின் தோடா மொழியில் ஆண், பெண் பகுப்பு மொத்தமாகவே அழிந்துவிட்டது. அதை வைத்துத் தோடர்கள் முழுச் சமத்துவம் கண்டவர்கள் என்றும் சொல்ல முடியாது.

ஆனால் சப்பைக்கட்டு என்னைத் தூங்கவிடவில்லை. காரணம் என் வாய். எங்கள் வீட்டில் நாங்கள் பேசுவது இப்படி: "அப்பா வந்தாரு." "அம்மா வந்துச்சு." "தாத்தா சொன்னாரு." "ஆயா சொல்லுச்சு." கடலூர்ப் பக்கத்து வீடுகளில் இதைக் கேட்காமல் ஒரு நாள் கழியாது. பள்ளியில் தமிழாசிரியர் 'அம்மா வந்தார்' என்று திருத்துவார். நோட்டில் திருத்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, "அம்மா, சார் இன்னைக்கு அடிச்சிட்டாரு"ன்னு சொல்லுவோம். அம்மா யாரிடமோ, "அது அழுதுகிட்டே வந்துச்சு" என்று நம்மைப் பற்றிச் சொல்லும். குழந்தையும் அம்மாவும் ஒரு வினைமுற்றில், அப்பா மட்டும் வேறு ஒன்றில்.

இதை ஆதித் திராவிட இலக்கணத்தின் எச்சம் என்று சொல்லிவிட்டால் நிம்மதி. நான் குற்றவாளி இல்லை, வாரிசு மட்டும்தான். ஆனால் அது உண்மை இல்லை. நடுவில் 'அவள்' வந்துவிட்டது. நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய தமிழ் இலக்கியத்திலேயே பெண்ணுக்குத் தனி வினைமுற்று உண்டு. தொல்காப்பியம் ஐந்து பால் வகுத்து, பெண்ணை ஆணோடு சேர்த்து உயர்திணையில் உட்காரவைக்கிறது. ஆக நம் மொழி அவளைத் 'அது'விலிருந்து வெளியே கூட்டிவந்து இரண்டாயிரம் வருடங்களுக்கு மேல் ஆகிறது. அதற்குப் பிறகு வீட்டுக்குள் மறுபடி 'வந்துச்சு' என்று சொல்லத் தொடங்கியது, மூலமொழி அல்ல, நாம்.

தெலுங்கு நண்பர் ஒருவர் அலுவலகத்தில் தன் அம்மாவோடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். 'ஆமெ' என்று மரியாதையாகச் சொல்லும்போதும் வினை 'வச்சிந்தி'தான், பஸ் வந்தாலும் 'வச்சிந்தி'தான். அதில் அவமதிப்பு இல்லை. ஒருமை வினையில் ஆணல்லாத எல்லோருக்கும் அவருக்கு இருப்பது அந்த ஒரு கதவு. என்னிடம் மூன்று இருக்கின்றன: வந்தா, வந்தாங்க, வந்துச்சு. மூன்று இருக்கும்போது ஒன்றைத் திறப்பது தேர்வு. தேர்வு இருக்கும் இடத்தில் பொறுப்பும் இருக்கிறது. ஆகவே இலக்கணத்தில் குற்றம் இல்லை என்ற தத்துவம், இலக்கணம் வேறு வழி தராதபோது மட்டும் செல்லும்.

இந்த முடிவோடு பெரிய நியாயஸ்தனாக அடுப்படிக்குப் போனேன். அம்மாவிடம், இனிமேல் 'அம்மா வந்தாங்க' என்றே சொல்லப்போவதாக அறிவித்தேன்.

அம்மா வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தது. "ஏன், நான் என்ன ஒறம்பரையா?"

"மரியாதம்மா."

"வந்தான்னா மரியாத இல்ல. வந்தாங்கன்னா வேத்து ஆளு. வந்துச்சுன்னாதான் நம்ம ஆளு."

"அப்ப அப்பாவுக்கு மட்டும் ஏன் வந்தாரு?"

"அவருக்கு அது வேண்டியிருக்கு," என்றது அம்மா. "எனக்கு வேண்டாம்."

நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த வாக்கியம் இல்லை. அதை முழுமையாக ஏற்கவும் முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லப் பழக்கப்பட்டவர்கள் வேண்டாம் என்று சொல்வதை எவ்வளவு நம்பலாம்? விடுதலைப் பத்திரத்திலும் அத்தைகள் 'என் முழு மனச் சம்மதத்துடன்' என்றுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒன்று புரிந்தது. ஒரு வடிவம் மரியாதையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் முதல் உரிமை, அந்த வடிவத்தால் அழைக்கப்படுகிறவருக்கு. என் வேலை கேட்பது. ஒருமுறை அல்ல, அடிக்கடி.

5

கேட்க முடிந்தவர்களைக் கேட்கலாம். புவனகிரிக்காரியை எப்படிக் கேட்பது?

ஒப்பீட்டு முறையை வீட்டில் பிரயோகித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பேரன் என்ற சொல்லே பெயரன். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். பேத்தி, பெயர்த்தி. முதல் பேத்திக்கு அப்பாவின் அம்மா பெயரை வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். ஆகவே பெயர் கீழே இறங்கியிருக்க வேண்டும். புவனகிரிக்காரிக்கு இரண்டு மகன்கள். மூத்தவரின் முதல் மகளுக்கு என்ன பெயரோ, அதே பெயர்தான் இளையவரான என் தாத்தாவின் முதல் மகளுக்கும், அதாவது என் பெரிய அத்தைக்கும். தனித்தனியாகப் பிரிந்து, வேறு வேறு ஊரில் வாழ்ந்த இரண்டு கிளைகளில் ஒரே பெயர். நட்சத்திரம் போட இதைவிட என்ன வேண்டும்? அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதைத் தாங்கும் இரண்டு பெண்கள் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை நான் இன்னும் கேட்கவில்லை.

பென்சிலால் கட்டத்தில் பெயரை எழுதி, முன்னால் ஒரு * போட்டேன். அப்பா கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"ஸ்டார் எதுக்கு?"

"ரெக்கார்டு இல்லப்பா. நாமளா கண்டுபுடிச்சது."

"கண்டுபுடிச்சாச்சுல்ல? அப்புறம் என்ன, அழிச்சிட்டுப் பேனாவுல எழுது. கொழந்த சார்ட்டுக்குக் கோர்ட்டா நடக்குது?"

அப்பா சொன்னதில் அன்பு இருந்தது. பாட்டிக்கு ஒரு பெயர் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரம். அந்த அன்புக்கு முன்னால் நட்சத்திரம் கஞ்சத்தனமாகத் தெரிந்தது. எனக்கும் கை ஊறியது.

அப்போது எனக்கு ஷ்லைகர் நினைவுக்கு வந்தார். நட்சத்திரத்தைப் பரப்பிய அதே மனிதர் 1868இல் ஒரு காரியம் செய்தார். தான் மீட்ட இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில், ஆட்டையும் குதிரைகளையும் வைத்து ஒரு குட்டிக் கதையே எழுதிவிட்டார். யாரும் பேசிக் கேட்காத மொழியில் ஒரு முழுக் கதை. ஹெர்மன் ஹிர்ட் அதைத் தன் காலத்து அறிவின்படி திருத்தி எழுதியது 1939இல் வெளிவந்தது. பிறகு வேறு பலரும். பதிப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே கதையா என்று சந்தேகம் வரும். ஷ்லைகரின் கதையைக் கேட்டால் நாம் கேட்பது ஆதி மனிதரின் குரல் அல்ல, 1868இன் குரல். இல்லாதவர் வாயில் முழு வாக்கியம் வைக்கும்போது, பேசுவது எப்போதும் வைக்கிறவர்தான்.

கட்டத்தைக் காலியாக விடுவதும் சரியல்ல. யார் எழுத்தில் இடம் பெறுகிறார்கள் என்பது யார் முக்கியமானவர் என்பதற்கு அளவே அல்ல. எங்கள் ஊருக்குப் பக்கத்து வீராணம் ஏரி, வீரநாராயணன் என்ற பட்டம் கொண்ட முதலாம் பராந்தக சோழனின் பெயரைப் பத்தாம் நூற்றாண்டிலிருந்து தேய்த்துத் தேய்த்துச் சுமக்கிறது. அந்த ஏரிக்கு மண் சுமந்த பெண் ஒருத்தியின் பெயரும் இல்லை. அதே சமயம் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில், ராஜராஜன் பல கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய நானூறு பெண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக இருக்கின்றன. யார், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு. கல்வெட்டு அவர்களைத் தளிச்சேரிப் பெண்டுகள் என்கிறது. நம் சொல், 'ட்' ஒட்டோடு, நட்சத்திரம் தேவைப்படாமல், கல்லில். அவர்கள் பெயர் ஏன் இருக்கிறது? ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் அளக்க வேண்டியிருந்தது. கணக்குக்குப் பெயர் தேவைப்பட்டது. புவனகிரிக்காரிக்கு யாரும் எதுவும் அளக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான். கட்டத்தைக் காலியாக விட்டால், அந்தக் கணக்குப்பிள்ளைகளின் தீர்ப்பை நானும் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்கிறேன்.

ஆக, மௌனம் ஒரு பொய். பேனாவால் எழுதுவது இன்னொரு பொய். நடுவில் இருக்கும் ஒரே நேர்மையான இடம் அந்தச் சின்னக் குறி: 'நீங்கள் இருந்தீர்கள். உங்கள் பெயர் இதுவாக இருந்திருக்கலாம் என்று இந்தக் காரணங்களால் நினைக்கிறேன். நான் தவறாகவும் இருக்கலாம்.'

6

நான் தவறுதான் என்று அன்றைக்கு மாலையே தெரிந்தது. அல்லது பாதித் தவறு.

ஆயாவுக்குச் சார்ட்டைப் படித்துக் காட்டினேன். பெரிய அத்தையின் பெயர் மாமியார் பெயராகத்தான் இருக்கும் என்று விளக்கியதும் ஆயா தலையை ஆட்டினாள்.

"அது எங்கம்மா பேருடா. உன் பெரிய அத்த பொறக்கும்போது எங்கம்மா செத்து மூணு மாசம். அழுது அடம்புடிச்சு அந்தப் பேர வெச்சேன். உன் தாத்தா பேசாம இருந்தாரு."

மொழியியலில் இதற்கு எளிய பெயர் உண்டு, கடன் வார்த்தை. இரண்டு மொழிகளில் ஒரே சொல் இருந்தால் மூலத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், பக்கத்து வீட்டிலிருந்து வாங்கியதாகவும் இருக்கலாம். சமஸ்கிருதத்திலும் 'நீர' இருக்கிறது. அதை வைத்துச் சமஸ்கிருதம் திராவிட மொழி என்றா சொல்வோம்? அது வாங்கிய சொல் என்பார்கள். என் இரண்டு சாட்சிகளில் ஒன்று கடன். அதுவும் ஒரு மருமகள், துக்கத்தில், ஆண்களின் வழக்கத்தை மீறித் தன் அம்மாவைக் கொண்டுவந்து இந்த வீட்டுக்குள் வைத்த கடன். என் அழகான முறை அவள் அழுகையைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

இப்போது மிஞ்சியிருப்பது பெரிய தாத்தாவின் மகள், ஒற்றைச் சாட்சி. இன்னொரு குறிப்பும் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாத குறிப்பு. ஆயா பெரிய அத்தையை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எப்போதும் "பெரியவளே"தான். மற்ற பிள்ளைகளையெல்லாம் பெயர் சொல்லித்தான். அம்மாவின் பெயர் என்பதால் நா எழவில்லையா? அல்லது அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஒரே பெயரா, மாமியார் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் இன்றுவரை சொல்லாமல் இருக்கிறாளா? மறுபடி கேட்டேன். மறுபடி அதே சிரிப்பு. அது அவள் உரிமை.

அப்பா சொன்னபடி பேனாவால் எழுதியிருந்தால் அன்று மாலை கிழித்துப்போட வேண்டியிருக்கும், அல்லது கிழிக்காமல் விட்டிருப்போம். விட்டிருந்தால் இருபது வருடத்தில் அது குடும்பத்தின் உண்மை ஆகியிருக்கும். பென்சிலும் நட்சத்திரமும் இருந்ததால் திருத்த முடிந்தது. பெயரை அழிக்கவில்லை. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி சேர்த்தேன். கீழே சின்ன எழுத்தில் 'புவனகிரிக்காரி, இரண்டு மகன்கள்' என்று எழுதினேன். அது மட்டும் பேனாவில்.

மகள் வந்து பார்த்தாள். அவள் பள்ளியில் நன்றாக எழுதினால் மிஸ் நோட்டில் ஸ்டார் போடுவார்.

"இவங்களுக்கு மட்டும் ஏன் ஸ்டார்? என்ன பண்ணாங்க?"

"என்ன பண்ணாங்கன்னு தெரியல. இருந்தாங்க."

அவளுக்கு அது போதவில்லை. திண்ணையிலிருந்து ஆயா குரல் கொடுத்தாள், யாரும் கேட்காமலேயே.

"அது வெல்லப்பாகு காச்சுனா தெருவே வந்து நிக்கும். எனக்குச் சொல்லிக்குடுத்ததே அதுதான்."

மகள் பென்சிலை எடுத்து, கட்டத்துக்குள் இடம் பார்த்து, அதையும் எழுதிக்கொண்டாள்.